எந்த வழியாக வந்தது இந்தப் பாடம்? – டோவர் வழக்கும் பள்ளி அறிவியலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஓர் உயிரியல் ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவியிருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் பெயரால் நடக்கும் சொற்பொழிவில் வகுப்பறையைப் பற்றிப் பேசுவதே முறை என்று எனக்குப் பட்டது. அதனால் அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தைக் கற்பிக்கலாமா என்று எழுந்த பூசலை, அதிலும் 2005-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த டோவர் வழக்கை, இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

உயிர்களின் அமைப்பு இவ்வளவு சிக்கலாக இருக்கிறது. இயற்கைத் தேர்வு மட்டுமே இதை உருவாக்கியிருக்க முடியாது. அறிவுள்ள ஏதோ ஒன்று திட்டமிட்டு அமைத்திருக்க வேண்டும். அந்தக் கருத்தின் சாரம் இதுதான். இது சரியா தவறா என்ற வாதங்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கடைசியில் அது கடவுள் உண்டா இல்லையா என்ற வாதமாகத் திரும்பிவிடுவதும் வழக்கம். நான் வேறொரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன். ஒரு கருத்து பாடநூலுக்குள் எந்த வழியாக வந்து சேர்கிறது? டோவரில் உண்மையில் விசாரணைக்கு வந்தது இந்தக் கேள்விதான் என்பது என் வாதம். ஆய்வில் பிறந்து, சக ஆய்வாளர்களின் மறுப்புகளைத் தாங்கி நின்று, கடைசியாகப் பாடநூலுக்கு வருவது அறிவியல் கருத்தின் வழி. அறிவார்ந்த வடிவமைப்பு பாடநூலிலேயே தொடங்கியது. அதன் மற்றக் குறைகள் எல்லாம் இந்தத் தொடக்கத்திலிருந்து கிளைத்தவை.

1. டோவரில் நடந்தது

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான ஒரே பாடத்திட்டம் கிடையாது. மாநிலங்கள் தரங்களை வகுக்கின்றன. எந்தப் புத்தகத்தை வாங்குவது, வகுப்பில் எதைச் சேர்ப்பது என்பதில் உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு நிறைய அதிகாரம் உண்டு. வாரிய உறுப்பினர்களை ஊர்மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். டோவர் வாரியத்தில் ஒன்பது பேர். அதன் பொறுப்பில் இருந்த பள்ளிகளில் ஏறத்தாழ 3,700 மாணவர்கள்.

2004-இல் உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய உயிரியல் பாடநூல் வாங்க வேண்டியிருந்தது. ஆசிரியர்கள் கேட்டது கென்னத் மில்லரும் ஜோசப் லெவினும் எழுதிய நூல். நாடெங்கும் பரவலாகப் புழங்கியது. வாரியத்தின் பாடத்திட்டக் குழுத் தலைவர் வில்லியம் பக்கிங்காம், அதில் டார்வினியம் நிறைந்திருக்கிறது என்று சொல்லி மறித்தார். மாதக்கணக்கில் இழுபறி நடந்தது. அக்டோபர் 18-ஆம் தேதி வாரியம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. டார்வின் கோட்பாட்டில் உள்ள இடைவெளிகளையும், அறிவார்ந்த வடிவமைப்பு உள்ளிட்ட மற்றக் கோட்பாடுகளையும் மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது தீர்மானம். எதிர்த்து வாக்களித்த மூவரில் இருவர் கணவன் மனைவி. அன்றிரவே அவர்கள் பதவி விலகினார்கள்.

அந்தத் தீர்மானத்தைச் செயல்படுத்த ஓர் அறிக்கை தயாரானது. ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடம் தொடங்கும் முன் அதை மாணவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நான்கே பத்தி; ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். மாநிலத் தேர்வுக்காகப் பரிணாமத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது என்று அது தொடங்கியது. டார்வினுடையது கோட்பாடுதான், மெய்ம்மை ஆகாது, அதில் சான்று இல்லாத இடைவெளிகள் இருக்கின்றன என்றது. அறிவார்ந்த வடிவமைப்பு என்று மாறுபட்ட விளக்கம் ஒன்று உண்டு, அதை அறிய 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற நூலைப் பார்க்கலாம் என்றது. எந்தக் கோட்பாட்டையும் திறந்த மனத்துடன் அணுகுங்கள் என்றும் சொன்னது.

உயிரியல் ஆசிரியர்கள் படிக்க மறுத்தார்கள். பாடப்பொருளைத் தெரிந்தே திரித்துச் சொல்லக் கூடாது என்று பென்சில்வேனியா ஆசிரியர்களுக்கான நடத்தை விதி சொல்கிறது. அந்த விதியைக் காட்டி, இதைப் படித்தால் நாங்கள் மாணவர்களை ஏமாற்றியவர்கள் ஆவோம் என்று கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பல ஆண்டு அனுபவமுள்ள வேதியியல் ஆசிரியை பெர்தா ஸ்பார் அந்த அறிவியல் துறையின் தலைவர். அவரும் உயிரியல் ஆசிரியை ஜெனிஃபர் மில்லரும் பின்னர் சாட்சிக் கூண்டிலும் ஏறினார்கள். வேலை தரும் வாரியத்துக்கு எதிராக அப்படி நிற்பது எளிதில்லை என்பதை இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து அறிக்கையைப் படித்தார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர்கள் வெளியே போய் நின்றார்கள். அறிக்கையோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லப்பட்டது: இதைப் பற்றி மேற்கொண்டு விவாதம் கிடையாது, உங்கள் ஆசிரியர்கள் இது குறித்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். மனத்தைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்ன அதே வாய், கேள்வி கேட்கும் வாயை அடைத்தது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் இது நடந்தது. இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்திய இடம் இது.

அதற்கு முன்பே, 2004 டிசம்பரில், டாமி கிட்ஸ்மில்லர் என்ற தாயும் வேறு பத்துப் பெற்றோர்களும் வழக்குத் தொடுத்திருந்தார்கள். 2005 செப்டம்பர் 26 அன்று ஹாரிஸ்பர்க் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கி நவம்பர் 4 வரை நடந்தது. ஜூரி இல்லை. நீதிபதி ஜான் ஜோன்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். ஜார்ஜ் புஷ் நியமித்தவர். டிசம்பர் 20 அன்று அவர் 139 பக்கத் தீர்ப்பை அளித்தார். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் ஆகாது, அது மத நம்பிக்கையிலிருந்து பிரிக்க முடியாதது, அதைப் பொதுப்பள்ளியில் நுழைத்தது, அரசு மதத்தை நிறுவக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு முரணானது என்பது தீர்ப்பு.

2. புத்தகம் முந்தியது

அந்தப் 'பாண்டாஸ்' நூலின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு, மனிதனின் பரிணாமத்தைக் கற்பித்த குற்றத்துக்காக நூறு டாலர் அபராதம் விதித்தார்கள். அப்படித் தடை போடும் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் ஆர்கன்சா வழக்கில் சொன்னது. தடுக்க முடியாமல் போனதும், உயிர்களைக் கடவுள் படைத்தார் என்பதை அறிவியலாக முன்வைக்கும் 'படைப்பு அறிவியலுக்கும்' சம நேரம் கொடுங்கள் என்ற கோரிக்கை வந்தது. ஆர்கன்சாவின் சமநேரச் சட்டம் 1982-இல் விழுந்தது. லூசியானாவின் சட்டத்தை 1987 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று நீக்கியது. படைப்புவாதம் மதப் போதனை. அதற்குப் பொதுப்பள்ளியில் இடமில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த வேளையில், டெக்சாஸ் அமைப்பு ஒன்றின் முயற்சியில் பள்ளிகளுக்கான ஓர் உயிரியல் துணைநூல் தயாராகிக்கொண்டிருந்தது. எழுதியவர்கள் பெர்சிவல் டேவிஸ், டீன் கென்யன். டோவர் வழக்கில் பெற்றோர் தரப்பு அந்த நூலின் பழைய கையெழுத்துப் படிகளை நீதிமன்ற ஆணையால் வரவழைத்தது. தத்துவப் பேராசிரியை பார்பரா ஃபாரஸ்ட் அவற்றைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். 1987 தீர்ப்புக்கு முந்தைய படிகளில் 'படைப்பு', 'படைப்புவாதி' என்று இருந்த இடங்களில் பிந்தைய படிகளில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' வந்து உட்கார்ந்திருந்தது. ஏறத்தாழ 150 இடங்கள். வரையறை அப்படியே இருந்தது: உயிர்வகைகள் தத்தம் உறுப்புகளோடு திடீரெனத் தோன்றின. படைத்தவர் இருந்த இடத்தில் அறிவுள்ள ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு படியில் மாற்றிய கை அவசரப்பட்டிருக்கிறது. 'படைப்புவாதிகள்' என்ற ஆங்கிலச் சொல்லை அழித்து 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று இடும்போது, பழைய சொல்லின் முதல் எழுத்து முன்னாலும் கடைசி எழுத்துகள் பின்னாலும் அழியாமல் ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் புதிய பெயர், இரண்டு ஓரங்களிலும் பழைய பெயர். 

நூல் வெளிவந்தது 1989-இல். அறிவார்ந்த வடிவமைப்பின் முதன்மையான அறிவியல் வாதமாக இன்றும் சுட்டப்படும் மைக்கேல் பீஹியின் 'டார்வின்ஸ் பிளாக் பாக்ஸ்' 1996-இல்தான் வந்தது. ஏழு ஆண்டு முன்னால் பள்ளிப் புத்தகம், பின்னால் கோட்பாடு. கரிமச் சேர்மங்கள், மரபணு, கண்டத்தட்டுகள் என்று நாம் கற்பிக்கும் எதை எடுத்தாலும், பதினான்கு வயது மாணவருக்கான புத்தகம் முதலில் எழுதப்பட்டு, அதற்கான ஆய்வு பிறகு தேடப்பட்டதாக எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை.

இந்த இயக்கத்தின் மையமாக இயங்கும் டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட்டுக்கே இது தெரிந்திருந்தது. 'வெட்ஜ்' என்று பெயர்பெற்ற அவர்களின் உள்சுற்று ஆவணம் 1999-இல் வெளியே கசிந்தது. முதலில் ஆய்வு, பிறகு பரப்புரை, பிறகு பண்பாட்டு மோதல் என்று மூன்று கட்டங்களை அது வகுத்திருந்தது. உறுதியான ஆய்வு இல்லாவிட்டால் இது இன்னொரு மூளைச்சலவை முயற்சியாகவே முடியும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. டோவர் வாரியம் தீர்மானம் போட்டபோது, கட்டாயப்படுத்தாதீர்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது. அதைச் சேர்ந்த சாட்சிகள் சிலர் விசாரணைக்கு முன்னரே விலகிக்கொண்டார்கள்.

3. ஆய்வு என்று எதைக் காட்டினார்கள்?

பீஹி லீஹை பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலாளர். படித்தவர், மரியாதையாகப் பேசுபவர். ஓர் அமைப்பின் பாகங்களில் ஒன்றை எடுத்தாலும் அது வேலை செய்யாது என்றால், அத்தகைய அமைப்பு படிப்படியாக உருவாகியிருக்க வழியில்லை என்பது அவர் வாதம். பாக்டீரியாவின் கசையிழையை முதல் உதாரணமாகச் சொன்னார். உடலிலிருந்து நீண்டு மோட்டார்போலச் சுழன்று பாக்டீரியாவை நீந்தவைக்கும் உறுப்பு அது. ஏறத்தாழ நாற்பது புரதங்களால் ஆனது.

கென்னத் மில்லர் பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி. வாரியம் மறித்த பாடநூலை எழுதியவரும் அவரே. கசையிழையின் அடிப்பகுதியில் உள்ள பத்துப் புரதங்களை ஒத்த தொகுதி, பிளேக் நோய்க்கிருமி போன்றவற்றில் தனியே நின்று வேலை செய்கிறது. எதிரிச் செல்லுக்குள் நச்சுப் புரதங்களைச் செலுத்தும் ஊசியாக. பாகம் குறைந்தால் நீந்த முடியாது என்பது உண்மை. ஆனால் வேறொரு காரியம் செய்ய முடிகிறது. இயற்கைத் தேர்வுக்குப் பிடி கிடைக்க அது போதும். இரத்தம் உறைதலைப் பீஹி இன்னொரு உதாரணமாகக் காட்டியிருந்தார். திமிங்கிலங்களுக்கும் டால்பின்களுக்கும் அந்தச் சங்கிலியில் ஒரு காரணி கிடையாது. அவற்றின் இரத்தம் உறையத்தான் செய்கிறது.

குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் எரிக் ராத்ஸ்சைல்டு நோயெதிர்ப்பு மண்டலத்தை எடுத்தார். அதன் தோற்றத்துக்கு அறிவியல் நூல்களில் விடையே இல்லை என்று பீஹி எழுதியிருந்தார். 58 ஆய்வுக் கட்டுரைகள், ஒன்பது நூல்கள், பாடநூல் இயல்கள் சில என்று எல்லாவற்றையும் அவர் முன்னால் அடுக்கினார்கள். இவை போதாது என்றார் பீஹி. ஓர் உயிரமைப்பு எப்படி வடிவமைக்கப்பட்டது என்று சோதனையோடோ கணக்கீட்டோடோ விளக்கும் ஆய்வுக் கட்டுரை உங்கள் பக்கம் ஒன்றாவது உண்டா என்று கேட்டபோது, இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். தன் கருத்தைச் சோதிக்கும் வழியை அவரே எழுதியிருந்தார்: கசையிழை இல்லாத பாக்டீரியாவைப் பத்தாயிரம் தலைமுறை வளர்த்துப் பார்க்கலாம். அதை நீங்கள் செய்தீர்களா? இல்லை. வேறு யாராவது? இல்லை.

இதற்கு எதிராக, ஒரு கோட்பாடு தன்னையே ஆபத்தில் நிறுத்திச் சோதிப்பது எப்படி இருக்கும் என்பதை மில்லர் நீதிமன்றத்தில் காட்டினார். மாணவர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். மனிதருக்கு 23 இணைக் குரோமோசோம்கள். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் 24. எல்லோருக்கும் பொது மூதாதை உண்டு என்றால் நம்முடைய ஓர் இணை எங்கே போயிற்று? முழுக் குரோமோசோம் இணை தொலைந்தால் கரு பிழைக்காது. ஆகவே ஒரே வழிதான்: இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். அப்படியானால் தடயம் இருக்க வேண்டும். குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற தனித்த வரிசை இருக்கும். ஒட்டிய குரோமோசோமில் அது நட்டநடுவிலும் இருக்க வேண்டும். சென்ட்ரோமியர் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று செயலற்றுப் போயிருக்க வேண்டும். தேடிப் பார்த்து இவை இல்லை என்றால் பொது மூதாதைக் கோட்பாடு அன்றே ஆட்டம் கண்டிருக்கும்.

இருந்தன. மனிதரின் இரண்டாம் குரோமோசோமின் உள்ளே, நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய வரிசை ஒன்றையொன்று நோக்கியபடி ஒட்டிக் கிடக்கிறது. இரண்டாம் சென்ட்ரோமியரின் எச்சமும் இருக்கிறது. சிம்பன்சியின் இரண்டு குரோமோசோம்களை முனையோடு முனை வைத்தால் அதனோடு பொருந்துகின்றன. அந்தக் குரோமோசோமின் விரிவான வரிசை 'நேச்சர்' இதழில் வந்தது 2005-இல், வழக்கு நடந்த அதே ஆண்டில். வடிவமைத்தவர் அப்படித்தான் வடிவமைத்தார் என்று மறுதரப்பு சொல்லலாம். 24 இணைகள் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருக்கலாம். எது வந்தாலும் ஒத்துப்போகும் கருத்தைக் கொண்டு ஒரு மாணவர் எதைத் தேடுவார்?

4. இரு தரப்பையும் சொன்னால் என்ன?

டோவர் வாரியத்தின் பக்கமிருந்து வந்த வாதங்களில் எனக்கு உண்மையாகவே கனமாகத் தோன்றுவது இதுதான். இரு தரப்பையும் சொல்லுங்கள், பிள்ளைகளே முடிவு செய்யட்டும். ஜனநாயகத்தில் பழகிய நம் காதுக்கு இது நியாயமாகவே கேட்கிறது.

இதன் கூர்மையான வடிவத்தை வாரியத்துக்காகச் சாட்சி சொன்ன ஸ்டீவ் ஃபுல்லர் முன்வைத்தார். வார்விக் பல்கலைக்கழகச் சமூகவியலாளர். அறிவியல் உலகமும் அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு. புதிய சிறுபான்மைக் கருத்துக்கு அங்கே பணமோ இதழோ பதவியோ கிடைப்பதில்லை. புதிய ஆட்கள் வந்தால்தான் அது வளரும். அந்த ஆட்களைப் பள்ளியிலிருந்தே சேர்க்க வேண்டும் என்ற பொருளில் அவர் பேசினார். அறிவியல் நிறுவனங்களில் அதிகாரம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அடக்கப்பட்ட உண்மைகளும் இருந்திருக்கின்றன.

ஆனால் அப்படி அடக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஹாரிஸ்பர்க்கில் விசாரணை தொடங்கி ஒரு வாரம் ஆன அன்று, 2005 அக்டோபர் 3-இல், அந்த ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரனுக்கும் பேரி மார்ஷலுக்கும் அந்தப் பரிசு கிடைத்தது. வயிற்றுப் புண்ணுக்கு மனஉளைச்சலும் அமிலமும் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், பெரும்பாலான புண்களுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று சொன்னவர்கள் அவர்கள். வயிற்று அமிலத்தில் பாக்டீரியா பிழைக்காது என்று துறை வல்லுநர்கள் தள்ளிவைத்தார்கள். வாரன் நோயாளிகளின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் குறித்தார். மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்தெடுத்தார். 1984-இல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். கட்டுரைகள், மறுப்புகள், நுண்ணுயிர்க்கொல்லிகளை வைத்து நடத்திய மருத்துவ ஆய்வுகள் என்று பல ஆண்டுகள் போயின. பாடநூல் மாறியது அதன் பிறகு. பெர்த் நகரப் பள்ளிகளில் எங்கள் கருத்துக்கும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன வேகனரும் ஏளனத்துக்கு ஆளானவர்தான். அவர் பக்கம் காற்று திரும்பியது 1960-களில், கடல் தளத்தின் காந்தப் பட்டைகளை அளந்த பிறகு.

நீதிமன்றத்தில் இரு தரப்பையும் கேட்பது மனிதர்களுக்கு நாம் செய்யும் நீதி. கருத்துகளுக்கு அப்படிப் பிறப்புரிமை இல்லை. அவை சான்றால் இடம் பெற வேண்டும். ஆய்வாளர்கள் பல ஆண்டு சான்று தேடி முடிவு செய்ய வேண்டியதை, ஒரு நிமிட அறிக்கையைக் கேட்டு, கேள்வியும் கேட்காமல் ஒன்பதாம் வகுப்பு மாணவர் முடிவு செய்யட்டும் என்பது அந்த மாணவருக்குக் கொடுக்கும் சுதந்திரம் ஆகாது. அந்த வயதில் அவர்களுக்கு நாம் தர வேண்டியது, இது எப்படித் தெரியும் என்று கேட்கும் பழக்கம். டோவரில் அதையே பறித்தார்கள்.

5. நம்பிக்கையாளர்கள் எந்தப் பக்கம்?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மில்லர் கத்தோலிக்கர். பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்ன ஜான் ஹாட் கத்தோலிக்க இறையியலாளர். அறிவியலால் விளக்க முடியாத இடைவெளிகளில் கடவுளை வைப்பது இறையியலுக்கே கேடு என்று சொன்னவர். வழக்குத் தொடுத்த பெற்றோர்களில் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். நாத்திகர்களுக்கும் பக்தர்களுக்கும் நடந்த போர் என்று இதை விவரிப்பது அவர்களுக்கு அநீதி.

அவ்வளவு பக்தி உள்ள ஊரில், மதத்தை நாடியவர்கள் மதத்தின் பெயரைச் சொல்லாமல் மறைத்ததுதான் என்னை உறுத்துகிறது. பள்ளி நூலகத்துக்கு 'பாண்டாஸ்' நூலின் அறுபது படிகள் யார் கொடுத்தது என்று தெரியாமல் வந்தன. பக்கிங்காம் தன் தேவாலயத்தில் திரட்டிய 850 டாலர் அதற்குப் போயிருக்கிறது. அந்தக் காசோலை வாரியத் தலைவர் ஆலன் பான்செலின் தந்தை பெயருக்குச் சென்றிருக்கிறது. முன்னர் சத்தியப்பிரமாணத்தின் மீது கேட்டபோது இது வெளிவரவில்லை. நீதிபதியே குறுக்கிட்டுப் பான்செலைக் கேள்வி கேட்டார். வாரிய உறுப்பினர் சிலர் தடயங்களை மறைக்கப் பொய் சொன்னார்கள் என்று தீர்ப்பில் எழுதினார்.

6. நீதிபதி அறிவியலை வரையறுக்கலாமா?

தீர்ப்பை வரவேற்றவர்களிலும் சிலர் இங்கே முகம் சுளித்தார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. 1982 ஆர்கன்சா தீர்ப்பைத் தத்துவவாதி லேரி லாடன் கடுமையாக விமர்சித்தார். படைப்புவாதம் சோதிக்க முடியாதது என்பது தவறு; பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டு என்பது சோதிக்கக்கூடிய கூற்று, சோதித்தபோது பொய்த்த கூற்று; அதைப் பொய் என்று சொல்லுங்கள், அறிவியல் இல்லை என்று வேலி போடாதீர்கள் என்றார்.

எனக்கும் லாடனின் பக்கம் சாய்வு உண்டு. அறிவியலுக்கு எல்லைக்கோடு போடுவது நீதிமன்றத்தால் ஆகிற காரியமில்லை. ஆனாலும் நீதிபதி ஜோன்ஸ் ஆறு வாரம் உட்கார்ந்து இரு தரப்பு வல்லுநர்களையும் கேட்டார். சான்று என்ன, எந்த இதழில் வந்தது, யார் மறுத்தார்கள் என்று விசாரித்தார். ஒரு கருத்து எந்த வழியாக வந்தது என்பதை ஆராய நீதிமன்றத்துக்குத் தகுதி உண்டு. ஆவணங்களையும் சாட்சிகளையும் ஒப்பிடுவதே அதன் தொழில். தீர்ப்பின் வலுவான பக்கங்கள் அந்தக் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்ட பக்கங்கள்தான். தீர்ப்புக்குப் பிறகு அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன; கூட்டாட்சி மார்ஷல்கள் காவல் நிற்க வேண்டியிருந்தது.

7. பிறகு

தீர்ப்பு வருமுன்பே, 2005 நவம்பர் 8-இல், டோவர் மக்கள் வாரியத் தேர்தலில் களத்தில் இருந்த பழைய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் தோற்கடித்தார்கள். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. அதனால் வழக்கு உச்ச நீதிமன்றம் போகவில்லை; தீர்ப்பு சட்டப்படி கட்டுப்படுத்துவது பென்சில்வேனியாவின் நடு மாவட்டத்தை மட்டும். எதிர்த்தரப்பு வழக்குச் செலவுக்காகப் பள்ளி வாரியம் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. பள்ளிக்குச் செலவாகியிருக்க வேண்டிய பணம்.

அறிவார்ந்த வடிவமைப்பு என்ற பெயர் அதன்பின் சட்டங்களில் அதிகம் தென்படவில்லை. அறிவியல் கோட்பாடுகளை விமர்சிக்க ஆசிரியருக்குச் சுதந்திரம் என்ற பெயரில் 2008-இல் லூசியானாவும் 2012-இல் டென்னசியும் சட்டம் இயற்றின. மதமும் அரசும் தொடர்பான வழக்குகளை அளக்க ஜோன்ஸ் பயன்படுத்திய 1971-ஆம் ஆண்டின் அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2022-இல் கைவிட்டுவிட்டது. இனி ஒரு டோவர் வந்தால் வேறு அளவுகோலால் அளப்பார்கள்.

நம் நாட்டிலும் பரிணாமம் பாடநூலில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி வந்தது. என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த இயல், பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொன்ன திருத்தத்தில் 'மரபு' என்று சுருங்கியது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்பது பதில். பத்தாம் வகுப்போடு உயிரியலை விடும் பெரும்பான்மை மாணவர்களுக்கு அந்தப் பதிலால் பயனில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலின் பத்தாம் வகுப்பில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பற்றிய பாடம் இருக்கிறது. அதை நடத்தும் ஆசிரியர் எந்த அளவு அதைப் புரிந்து நடத்துகிறார் என்பது அடுத்த கேள்வி.

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் பெர்க்மனும் எரிக் புளுட்சரும் 926 பொதுப்பள்ளி உயிரியல் ஆசிரியர்களிடம் ஆய்வு நடத்தி 2011-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பரிணாமத்தைத் தெளிவாகக் கற்பித்தவர்கள் 28 விழுக்காடு. படைப்புவாதத்தை ஆதரித்துக் கற்பித்தவர்கள் 13 விழுக்காடு. நடுவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வம்பு வேண்டாம் என்று பட்டும் படாமலும் நடத்தினார்கள். டோவர் தீர்ப்பால் இந்த அறுபதை அசைக்க முடியவில்லை. இவர்களில் பலர் பரிணாமத்தை நம்பாதவர்கள் அல்லர். மாணவரோ பெற்றோரோ எழுந்து ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அளவுக்குத் தங்களுக்குத் தெரியாது என்று தயங்கியவர்கள். கல்லூரியில் பரிணாமத்தைத் தனிப் பாடமாகப் படித்த ஆசிரியர்கள் தயங்காமல் கற்பித்தார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 2019-இல் மீண்டும் ஆய்ந்தபோது, இன்னோர் அளவீட்டின்படி, பரிணாமத்தை அறிவியலின் ஒருமித்த முடிவாகக் கற்பித்து, படைப்புவாதத்துக்கு இடம் தராத ஆசிரியர்களின் பங்கு 51-இலிருந்து 67 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

ஆகவே அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்தச் சொற்பொழிவோடு ஆண்டுதோறும் பள்ளி உயிரியல் ஆசிரியர்களுக்குப் பரிணாமம் பற்றி இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றையும் சேர்த்து நடத்துங்கள். தேர்வுக்கான குறிப்புகள் வேண்டாம். குரோமோசோம் வரிசைகளையும் புதைபடிமப் படங்களையும் மேசைமேல் வைத்து, வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்விகளை ஆசிரியர்களே எழுதிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் சான்றோடு விடை தேடும் பயிலரங்காக அது அமையட்டும். முதல் ஆண்டு வகுப்புகளை நடத்த நானும் சக ஆசிரியர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.